இசை படிக்கும் பிள்ளையும் எல்லைப்புறத்துப் பெற்றோரும்

தேன்கனிக்கோட்டையில் ஒரு குழந்தை இசையைத் தீவிரமாகப் படிக்க ஆசைப்பட்டால் அந்த வீட்டுக்கு இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று ராயக்கோட்டை வழியாகக் கிருஷ்ணகிரிக்குப் போகிறது. அங்கே மாவட்ட அரசு இசைப்பள்ளி உண்டு. மற்றொன்று ஓசூரைத் தாண்டி, அத்திப்பள்ளியில் மாநில எல்லையைக் கடந்து பெங்களூருக்குப் போகிறது. அங்கே 1905-இல் தொடங்கிய பெங்களூர் காயன சமாஜம் இருக்கிறது. சாமராஜப்பேட்டையில் ஆண்டுதோறும் ராமநவமிக் கச்சேரிகள் நடத்தும் ஸ்ரீராமசேவா மண்டலி இருக்கிறது. பேட்டைக்குப் பேட்டை பாட்டு வாத்தியார்கள் இருக்கிறார்கள். இரண்டு ஊர்களும் ஏறக்குறைய 60 கி.மீ. தொலைவு. பெங்களூர் – சேலம் ரயில்பாதை கெலமங்கலம் வரை வந்து ராயக்கோட்டைப் பக்கம் போய்விடுகிறது, தேன்கனிக்கோட்டையைத் தொடுவதில்லை. கிருஷ்ணகிரி நகரத்துக்கோ ரயிலே கிடையாது. ஆகவே எந்த வழியில் போனாலும் பேருந்துதான். பத்து வயதுப் பிள்ளை தனியாக அந்தப் பேருந்தில் ஏற முடியாது. கூட ஒருவர் போக வேண்டும். போனவர் அன்றைய கூலியையோ விடுப்பையோ இழக்க வேண்டும்.

நம் இசை வரலாறுகளில் குருவைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். சாதகம், பாணி, சபாக்கள், விருதுகள் பற்றி எல்லாம் புத்தகங்கள் உண்டு. பிள்ளையை வகுப்புக்கு அழைத்துப் போய், வெளித் திண்ணையில் ஒன்றரை மணி நேரம் காத்திருந்து, கடைசிப் பேருந்தில் தூங்கும் பிள்ளையைத் தோளில் சாய்த்துக்கொண்டு திரும்பிய அப்பாவையோ அம்மாவையோ பற்றி நான்கு வரிகூடக் கிடைப்பது அரிது. ஒரு கலைஞர் உருவாவதில் அவர்கள் செய்வது என்ன, எதுவரை செய்யலாம், எங்கே நிறுத்த வேண்டும் என்பதை இந்த எல்லைப்புற ஊரில் நின்றுகொண்டு யோசிக்கும் முயற்சி இது.

முதலில் ஊரைப் பற்றி. தேன்கனிக்கோட்டை, 2004-இல் தருமபுரியிலிருந்து பிரிந்த கிருஷ்ணகிரி மாவட்டத்தின் ஒரு வட்டம். சுற்றிலும் தளி, கெலமங்கலம், அஞ்செட்டி என்று மலையும் காடும் கேழ்வரகுக் கொல்லையும் கலந்த நிலம். ஊருக்கு நடுவே பேட்டராய சுவாமி கோயில். தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதும் ஒரே தெருவில் புழங்கும். 1970-களில் ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தது. அசோக் லேலண்டு, டிவிஎஸ், டைட்டன் வந்தன. அண்மை ஆண்டுகளில் கெலமங்கலம், உத்தனப்பள்ளிப் பக்கம் டாடா எலெக்ட்ரானிக்ஸ் ஆலையும் எழுந்துவிட்டது. விவசாயம் பார்த்த வீடுகளிலிருந்து அப்பாவும் இப்போது அம்மாவும்கூட ஷிப்ட் வேலைக்குப் போகிறார்கள். கம்பெனி பஸ் வரும் நேரம்தான் வீட்டின் நேரம். இந்த வீடுகளில் பெரும்பாலானவற்றில் முன் தலைமுறையில் யாரும் மேடையேறிப் பாடியதில்லை. பிள்ளை பாடினால் பூரிக்கிறார்கள். அடுத்து என்ன செய்வது என்றுதான் தெரிவதில்லை. “நமக்குச் சங்கீதம் தெரியாதே” என்ற தயக்கம் எல்லாவற்றுக்கும் முன்னால் வந்து நிற்கிறது.

அந்தத் தயக்கத்துக்குக் காரணம் இருக்கிறது. நாம் கேட்டு வளர்ந்த கதைகள் எல்லாம் சங்கீதம் தெரிந்த தகப்பன்மாரின் கதைகள். லால்குடி ஜெயராமனுக்குத் தந்தை கோபால ஐயரே குரு. எம்.எஸ். கோபாலகிருஷ்ணனுக்குத் தந்தை பரூர் சுந்தரம் ஐயர். மைசூரில் மகாதேவப்பா தம் மகன்கள் நாகராஜையும் மஞ்சுநாத்தையும் வயலின் சகோதரர்களாக வளர்த்தார். யாழ்ப்பாணத்தில் இசை கற்பித்துவந்த வி. லட்சுமிநாராயணா, 1958-ஆம் ஆண்டு இனக்கலவரத்துக்குப் பின் குடும்பத்தோடு இந்தியாவுக்குத் திரும்பினார். அவர் மகன்கள் வைத்தியநாதன், சுப்பிரமணியம், சங்கர் மூவரும் அவரிடமே வயலின் கற்றவர்கள். இந்த வீடுகளில் பள்ளிக்கூடம் வேறு, வீடு வேறு என்று இல்லை. காலையில் கண் விழிப்பதே சுருதிப் பெட்டியின் ஒலியில். அந்தக் கொடுப்பினை நமக்கு இல்லையே என்று ஒரு தொழிலாளர் குடும்பம் நினைப்பது இயல்பு.

ஆனால் சங்கீதம் தெரிந்த தகப்பன்மாரிலேயே ஒருவர் செய்ததைப் பார்த்தால் அந்த நினைப்பு மாறும். மாண்டலின் ஸ்ரீநிவாஸ் 1969-இல் ஆந்திரத்தின் பாலகொல்லுவில் பிறந்தார். தந்தை சத்தியநாராயணா இசைக்குழுக்களில் வாசித்தவர். ஆறு வயது மகன் தம் மாண்டலினை எடுத்துத் தானாகவே வாசிப்பதைக் கண்டதும் அவனுக்கென்று ஒரு மாண்டலின் வாங்கித் தந்தார். கொஞ்ச காலம் தாமே கற்றுத் தந்தார். பிறகு தம்மிடம் வைத்துக்கொள்ளாமல், செம்பை வைத்தியநாத பாகவதரின் சீடரான ருத்ரராஜு சுப்பராஜுவிடம் ஒப்படைத்தார். சுப்பராஜுவுக்கு மாண்டலின் வாசிக்கத் தெரியாது. அவர் பாடுவார், பையன் கேட்டுக் கம்பியில் கொண்டுவருவான். மேல்நாட்டு வாத்தியம் ஒன்று கர்நாடக இசையின் கமகத்தைப் பேசக் கற்றது இப்படித்தான். 1978-இல் குடிவாடாவில் தியாகராஜ ஆராதனையில் முதல் கச்சேரி, 1981-இல் சென்னை. குடும்பமே ஊரை விட்டுச் சென்னைக்கு வந்தது. சத்தியநாராயணா செய்தவற்றுள் மிகப் பெரியதாக நான் கருதுவது, தம் கையிலிருந்த பிள்ளையை இன்னொருவர் கையில் கொடுத்ததைத்தான். தம் அறிவு எங்கே முடிகிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

சங்கீதமே தெரியாத தாய்மார்களும் இருக்கிறார்கள். பண்ணைப்புரத்துச் சின்னத்தாய் அம்மாள், மகன்கள் சென்னைக்குப் போக வீட்டிலிருந்த வானொலிப் பெட்டியை 400 ரூபாய்க்கு விற்றுப் பணம் கொடுத்ததை இளையராஜா பலமுறை சொல்லியிருக்கிறார். ஏ.ஆர். ரகுமானின் தந்தை ஆர்.கே. சேகர் 1976-இல் மறைந்தபோது ரகுமானுக்கு ஒன்பது வயது. கணவர் விட்டுச்சென்ற இசைக்கருவிகளை விற்றுவிடச் சொன்னவர்கள் இருந்தார்கள். தாய் கரீமா பேகம் விற்கவில்லை. வாடகைக்கு விட்டுக் குடும்பத்தை நடத்தினார். ஒரு தாய் பொருளை விற்றார், மற்றவர் விற்க மறுத்தார். இரண்டு பேருக்கும் பிள்ளையின் திசை எது என்பதில் சந்தேகம் இருக்கவில்லை. ராகம் தெரிவதைவிட இந்தத் தெளிவு அபூர்வமானது.

எல்லைக்கு அப்பால் ஏறக்குறைய நூற்றைம்பது ஆண்டுக்கு முன்னும் ஒரு தாய் இருந்தார். 1878-இல் நஞ்சன்கூட்டில் பிறந்த நாகரத்தினத்தின் தாய் புட்டலட்சுமி. ஆதரவற்ற நிலையில், கைக்குழந்தையோடு மைசூருக்கு வந்து, கிரிபட்ட தம்மய்யாவிடம் மகளைக் கல்வி கற்க வைத்தார். அந்த ஆதரவும் இடையில் அறுந்தபோது, மகளை விதுஷியாக்காமல் மைசூருக்குத் திரும்புவதில்லை என்று கிளம்பினார். பெங்களூரில், தியாகராஜரின் வாலாஜாபேட்டைச் சீடர் வழியில் வந்த முனுசாமப்பாவிடம் இசை. வேறு ஆசிரியர்களிடம் நடனமும் மொழிகளும். மகள் பதினான்கு வயதில் இருக்கையில் தாய் இறந்துவிட்டார். அரங்கேற்றத்தை அவர் பார்க்கவில்லை. திருவையாற்றில் தியாகராஜர் சமாதியைக் கோயிலாக எழுப்பியவர், ஆராதனையில் பெண்களும் பாட உரிமை கேட்டுப் போராடியவர், இந்தப் பெங்களூர் நாகரத்தினம்மாதான். புட்டலட்சுமிக்குச் சொத்தும் இல்லை, நிலையான ஆதரவும் இல்லை. ஊர் ஊராகப் போய்த் தகுந்த ஆசிரியரைத் தேடுவது ஒன்றையே அவரால் செய்ய முடிந்தது; அதை விடாமல் செய்தார்.

இதையெல்லாம் சொல்லும்போது பெற்றோரின் தியாகத்தை மட்டும் பாடிவிட்டுப் போவது நேர்மையாகாது. பெற்றோரின் அதிகாரமும் இந்த வரலாற்றில் இருக்கிறது. மதுரை சண்முகவடிவு வீணைக் கலைஞர். மகள் எம்.எஸ். சுப்புலட்சுமி பத்து வயதில் கிராமபோன் தட்டில் பாடியதற்கும், சென்னை மேடைகளை அடைந்ததற்கும் அவரே காரணம். ஆனால் மகளின் வாழ்க்கையைத் தாமே தீர்மானிக்க முனைந்தபோது, மகள் 1936-இல் தாயைப் பிரிந்து சென்னைக்கு வந்துவிட்டார். டி.கே. பட்டம்மாளின் கதை வேறு. காஞ்சிபுரத்தில் தாமல் கிருஷ்ணசாமி தீட்சிதர் மகளுக்குச் சுலோகங்களும் பாட்டும் சொல்லித் தந்தவர்தான். பொதுமேடையில் பாடினால் மகளுக்குக் கல்யாணம் ஆகுமா என்ற அச்சமும் அவருக்கு இருந்தது. நன்றாகப் பாடிய அவருடைய மனைவி வெளியே பாடியதே இல்லை. தீட்சிதரின் தயக்கத்தை உடைக்கப் பள்ளித் தலைமையாசிரியை அம்முக்குட்டி அம்மாள் பேச வேண்டியிருந்தது. 1932-இல் பட்டம்மாள் சென்னையில் கச்சேரி செய்தார். பெற்றோர் அஞ்சும் இடத்தில் ஓர் ஆசிரியர் துணிவு தந்தார். நம் ஊர்ப் பள்ளிகளின் பாட்டு ஆசிரியர்களும் வகுப்பு ஆசிரியர்களும் அம்முக்குட்டி அம்மாளின் பெயரை அறிந்துகொள்ள வேண்டும்.

பெற்றோரின் பங்கை மேல்நாட்டு ஆய்வாளர்கள் முறையாக அளந்து பார்த்திருக்கிறார்கள். சிகாகோவில் பெஞ்சமின் புளூமும் அவர் குழுவினரும் பியானோ கலைஞர்கள், நீச்சல் வீரர்கள், கணித அறிஞர்கள் என உச்சம் தொட்ட 120 பேரின் இளமையை ஆராய்ந்து 1985-இல் நூலாக வெளியிட்டார்கள். அந்தப் பியானோ கலைஞர்களின் பெற்றோர் பலருக்குத் தேர்ந்த இசைப்பயிற்சி இல்லை. முதல் ஆசிரியரும் பெரிய மேதை இல்லை, குழந்தையிடம் அன்பாக இருந்த உள்ளூர் ஆசிரியர். 1996-இல் ஜேன் டேவிட்சன், ஜான் ஸ்லோபோடா முதலியோர் இங்கிலாந்தில் 8 முதல் 18 வயது வரையிலான 257 பிள்ளைகளை ஆராய்ந்தார்கள். இசையில் மேலே வந்த பிள்ளைகளின் பெற்றோர் தொடக்க ஆண்டுகளில் நெருக்கமாக இருந்தார்கள்: ஆசிரியரிடம் பேசினார்கள், வகுப்பில் உட்கார்ந்தார்கள், வீட்டில் சாதகம் நடக்கும்போது பக்கத்தில் இருந்தார்கள். பாதியில் விட்டுவிட்ட பிள்ளைகளின் வீடுகளில் நேர்மாறு: சிறு வயதில் கண்டுகொள்ளாமல் இருந்துவிட்டு, பதின்வயதில் திடீரென்று நெருக்கத் தொடங்கியிருந்தார்கள்.

இந்தக் கடைசி முடிவை நம் வீடுகளோடு வைத்துப் பாருங்கள். ஏழு வயதில் “ஏதோ விளையாட்டுக்குப் போகிறான்” என்று விட்டுவிடுகிறோம். பள்ளி ஆண்டு விழாவில் கைதட்டல் வாங்கியதும், தொலைக்காட்சியில் அதே வயதுப் பிள்ளை பரிசு வாங்குவதைப் பார்த்ததும், பன்னிரண்டு வயதில் இறுக்கிப் பிடிக்கத் தொடங்குகிறோம். பத்தாம் வகுப்பு வந்ததும் “முதலில் மார்க்கு” என்று நிறுத்திவிடுகிறோம். பிள்ளைக்குத் துணை தேவைப்பட்ட காலத்தில் தனிமை. தனியாக விட வேண்டிய காலத்தில் நெருக்கடி.

ஷிப்ட் வீட்டில் சாதகத்துக்கு இடமும் நேரமும் எங்கே என்பது நியாயமான கேள்வி. இரவு ஷிப்ட் முடித்து அப்பா பகலில் தூங்கும் ஒற்றை அறை வீட்டில் பிள்ளை எப்படி மிருதங்கம் வாசிக்கும்? இதற்கு எளிய பதில் என்னிடம் இல்லை. ஆனால் பழைய ஆசிரியர்கள் சொல்லும் விடிகாலைச் சாதகம், காலை ஷிப்டுக்கு எழும் வீடுகளில் ஏற்கனவே எழுந்திருக்கும் நேரம்தான். தினமும் அரை மணி நேரம், அதே இடம், பக்கத்தில் ஒருவர். பக்கத்தில் இருப்பவர் தப்பைத் திருத்த வேண்டியதில்லை; தாளம் போடத் தெரிந்தால் போதும், தெரியாவிட்டால் கேட்டால் போதும். ஜப்பானில் ஷினிச்சி சுஸுகி தம் வயலின் முறையில் தாயையும் வகுப்பில் உட்கார வைத்துக் கொஞ்சம் வாசிக்கக் கற்றுத் தந்தார். காரணம், வாரத்துக்கு ஒரு நாள் வாத்தியார், மற்ற ஆறு நாள் வீடு. இது சரளி வரிசைக்கும் அப்படியே பொருந்தும்.

தேன்கனிக்கோட்டைப் பிள்ளைக்கு ஒரு செல்வம் இருக்கிறது. அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. கர்நாடக இசையின் பாடல்களில் பெரும்பகுதி தெலுங்கு. தொடக்கப் பாடங்களை வகுத்தவராகப் போற்றப்படும் புரந்தரதாசர் பாடியது கன்னடம். சென்னையில் வளரும் குழந்தை தியாகராஜ கீர்த்தனையைப் பெரும்பாலும் பொருள் தெரியாமல் உருப்போடுகிறது. எங்கே பதம் பிரிப்பது, எந்தச் சொல்லை நீட்டினால் பொருள் சிதையும் என்பது பல ஆண்டுகளுக்குப் பிறகுதான் பிடிபடுகிறது. இங்கே பிள்ளை தெலுங்கை அடுத்த வீட்டிலும் கன்னடத்தைச் சந்தையிலும் கேட்டு வளர்கிறது. வீட்டிலேயே அந்த மொழியைப் பேசும் பிள்ளைகளும் ஏராளம். மும்மொழியும் நாக்கில் இருக்கும் இந்தப் பிள்ளைகளைப் ‘பார்டர் பாஷை’ பேசுகிறவர்கள் என்று கேலி செய்வதை நிறுத்தினாலே, ஒரு பாடகருக்கு வேண்டிய பாதித் தன்னம்பிக்கை வந்துவிடும்.

அரசு என்ன செய்திருக்கிறது? தமிழ்நாட்டில் 17 மாவட்ட அரசு இசைப்பள்ளிகள் இருக்கின்றன. கிருஷ்ணகிரியில் உள்ளது அவற்றுள் ஒன்று. குரலிசை, நாதசுரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம் ஆகிய துறைகளில் மூன்றாண்டுப் படிப்பு. 12 முதல் 25 வயது வரை சேரலாம். கட்டணம் ஆண்டுக்குச் சில நூறு ரூபாய். மாணவர்களுக்கு மாதந்தோறும் சிறு உதவித்தொகையும் உண்டு. ஏழைக் குடும்பத்துக்கு இதைவிட நல்ல ஏற்பாடு தனியாரிடம் கிடைக்காது. குறை ஒன்றுதான்: வகுப்புகள் பகலில். எட்டாம் வகுப்புப் பிள்ளை பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு 60 கி.மீ. போக முடியாது. மத்திய அரசின் பண்பாட்டு வளங்கள் மற்றும் பயிற்சி மையம் 10 முதல் 14 வயதுப் பிள்ளைகளுக்கு ஆண்டுதோறும் 650 கலை உதவித்தொகைகள் வழங்குகிறது. அவற்றில் 125, பரம்பரையாகக் கலைத்தொழில் செய்யும் குடும்பத்துப் பிள்ளைகளுக்கென்றே ஒதுக்கப்பட்டவை. ஆண்டுக்கு 3,600 ரூபாயும் ஆசிரியர் கட்டணத்தில் ஒரு பகுதியும் கிடைக்கும். தகுதியைக் காத்துக்கொண்டால் இருபது வயது வரை தொடரும். இந்த எல்லைப்புறத்துக்கு மிகவும் பொருந்தும் திட்டம் இது. ஆனால் விண்ணப்பம் எப்போது வருகிறது, எங்கே கிடைக்கும் என்று பெற்றோருக்கு யாரும் சொல்வதில்லை.

அந்த 125 யாருக்கு என்பதில் இன்னும் கொஞ்சம் நிற்க வேண்டும். கல்யாணத்துக்கும் கோயிலுக்கும் நாதசுரமும் தவிலும் வாசிக்கும் குடும்பங்கள் இந்தப் பக்கத்தில் உண்டு. அம்மன் திருவிழாக்களில் பம்பையும் உடுக்கையும் அடிக்கும் குடும்பங்கள் உண்டு. தெருக்கூத்து ஆடும் குடும்பங்கள் உண்டு. இந்த வீடுகளில் பிள்ளை முதலில் தாளம் போடும், பிறகு ஒத்து ஊதும், அப்புறம்தான் வாத்தியம் கைக்கு வரும். மேடைப் பயிற்சி என்று தனியாக ஒன்று தேவையே இல்லை. ஆனால் இதே வீடுகளில்தான் “இந்தத் தொழில் என்னோடு போகட்டும்” என்று சொல்லும் தகப்பன்களும் இருக்கிறார்கள். வாசிப்பவரைப் பந்தலுக்கு வெளியே உட்கார வைத்ததும், பெயர் சொல்லாமல் சாதி சொல்லி அழைத்ததும் அவர்கள் நினைவில் இருக்கிறது. கர்நாடகத்தில் நாதசுரம் வாசிக்கும் சவிதா சமூகத்தாரும் தமிழ்நாட்டில் வாசிக்கும் மருத்துவர் சமூகத்தாரும் இதைப் பல தலைமுறை அனுபவித்தவர்கள். மகனை டிப்ளமோ படிக்க வைத்து ஓசூர்க் கம்பெனிக்கு அனுப்பும் தவில்காரரைக் கலையைக் கைவிட்டவர் என்று குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவரும் பிள்ளைக்கு நல்லதைத்தான் தேடுகிறார். மரியாதை கிடைக்கும் என்று தெரிந்தால் பிள்ளையிடம் கழியைக் கொடுப்பார். அந்த மரியாதையை அவர் பிள்ளைக்குத் தர வேண்டியது, மேளத்தைக் கூப்பிடும் நாம்.

இனி, பிள்ளை சம்பாதிக்கத் தொடங்கும் கட்டம். தமிழ்நாட்டுக்கு இது புதிதல்ல. 1918-இல் சங்கரதாஸ் சுவாமிகள் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை என்ற சிறுவர் நாடகக் குழுவைத் தொடங்கினார். தி.க. சண்முகம் அதில் சேர்ந்தபோது அவருக்கு ஆறு வயது. மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் எம்.ஜி.ஆர். அண்ணனோடு சேர்ந்ததும் ஏறக்குறைய அந்த வயதில்தான். வறுமையில் இருந்த தாய் சத்தியபாமாவுக்கு வேறு வழி தெரியவில்லை. பிள்ளைக்கு மூன்று வேளைச் சோறு, வீட்டுக்குச் சிறு பணம். சங்கீதமும் வசனமும் அங்கே கடுமையாகக் கற்றுத் தரப்பட்டன; மகத்தான கலைஞர்கள் அங்கிருந்து வந்தார்கள். ஆனால் மகரக்கட்டு வந்து குரல் உடைந்த பையன்கள் ஒரே இரவில் ராஜபார்ட்டிலிருந்து கூட்டத்தில் நிற்கும் வேஷத்துக்கு இறங்கினார்கள். புகழ் பெற்றவர்களின் பெயர்கள் நமக்குத் தெரியும். மகரக்கட்டோடு காணாமல் போனவர்களின் கணக்கை யாரும் வைக்கவில்லை.

மகரக்கட்டு இன்றும் இருக்கிறது. பதின்மூன்று, பதினான்கு வயதில் ஆண்பிள்ளையின் குரல் உடையும்போது பெற்றோர் பதறிப்போய் உரக்கப் பாடச் சொல்வது தொண்டையைக் கெடுத்துவிடும். அந்தக் காலத்தில் சுருதியை இறக்கிக்கொள்ளலாம், மெல்லப் பாடலாம், கேட்கலாம், தாளம் கற்கலாம், ஒரு வாத்தியம் தொடங்கலாம். குரல் திரும்பி வரும். இதை ஆசிரியர் சொல்லாவிட்டால் பெற்றோர் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பாய்ஸ் கம்பெனியின் இடத்தில் இன்று தொலைக்காட்சி இருக்கிறது. விஜய் டிவியின் சூப்பர் சிங்கர் 2006-இல் தொடங்கியது. ஜூனியர் நிகழ்ச்சிகள் தொடர்ந்தன. மற்ற அலைவரிசைகளும் வந்தன. அவற்றால் ஏழை வீட்டுப் பிள்ளைகள் பலருக்கு வழி திறந்தது உண்மை. 2019-இல் சென்னையின் லிடியன் நாதஸ்வரம் பதின்மூன்று வயதில் அமெரிக்காவில் ‘தி வேர்ல்ட்ஸ் பெஸ்ட்’ போட்டியில் பத்து லட்சம் டாலர் வென்றதை நாடே பார்த்தது. ஆனால் இசையமைப்பாளரான தந்தை வர்ஷன் சதீஷ், பிள்ளையின் நாள் முழுவதையும் இசைக்கென்றே அமைத்துக் கொடுத்த வீடு அது. அந்த மேடையை மட்டும் பார்த்துவிட்டு, தேன்கனிக்கோட்டையில் இருக்கும் பத்து வயதுப் பிள்ளையை ஆடிஷனுக்கும் ஆடிஷனுக்கும் நடுவே ஓட விடுவதால் பயனில்லை.

பெற்றோர் பலருக்குத் தெரியாத சட்டம் ஒன்று இருக்கிறது. குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டத்தில் 2016-இல் திருத்தமும் 2017-இல் விதிகளும் வந்தன. 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளையைத் தொலைக்காட்சியிலோ திரைப்படத்திலோ பங்கேற்க வைக்கும் தயாரிப்பாளர், மாவட்ட ஆட்சியரிடம் அனுமதி பெற வேண்டும். ஒரு நாளில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது. இடைவெளி இல்லாமல் மூன்று மணி நேரத்துக்கு மேல் கூடாது. தொடர்ந்து 27 நாளுக்கு மேல் கூடாது. பிள்ளையின் படிப்பு கெடாமல் ஏற்பாடு செய்ய வேண்டும். வருமானத்தில் குறைந்தது 20 சதவீதத்தைத் தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் பிள்ளையின் பெயரில் வைப்புத்தொகையாகப் போட வேண்டும். பதினெட்டு வயதானதும் அது பிள்ளைக்கு. அமெரிக்காவில் குழந்தை நட்சத்திரம் ஜாக்கி கூகன் சம்பாதித்ததையெல்லாம் தாயும் மாற்றாந்தந்தையும் செலவழித்துவிட, 1939-இல் கலிபோர்னியா இத்தகைய சட்டத்தை முதலில் கொண்டுவந்தது. நம் விதி தயாரிப்பாளரைத்தான் கட்டுப்படுத்துகிறது. கோயில் கச்சேரியிலும் கல்யாண மேடையிலும் கிடைக்கும் சம்பாவனையைப் பற்றி அது பேசவில்லை. அங்கே பெற்றோரின் மனசாட்சிதான் விதி. பிள்ளை சம்பாதித்த முதல் ரூபாயிலிருந்தே அதன் பெயரில் கணக்கு இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. வீட்டுக் கடனை அடைக்கப் பிள்ளையின் தொண்டையை நம்பக் கூடாது.

இன்னொன்றை மென்று விழுங்காமல் சொல்லிவிடுகிறேன். குருவின் வீட்டுக்குள் என்ன நடக்கிறது என்று கேட்பது குருபக்திக்குக் குறைவு என்ற எண்ணம் நம்மிடம் ஆழமாக இருக்கிறது. 2018-இல், பாலியல் புகார்களுக்கு ஆளான சில கலைஞர்களைச் சென்னை மியூசிக் அகாடமி அவ்வாண்டு மார்கழிக் கச்சேரிப் பட்டியலிலிருந்து நீக்கியது. இசை உலகம் இதற்கு விலக்கல்ல என்பதை அந்த ஆண்டு எல்லோரும் அறிந்தார்கள். எவ்வளவு பெரிய வித்துவானாக இருந்தாலும் கதவு திறந்திருக்கும் வகுப்பில்தான் பிள்ளை உட்கார வேண்டும். பெற்றோர் முன்னறிவிப்பில்லாமல் வந்து உட்காரலாம் என்று சொல்லும் ஆசிரியரையே தேர்ந்தெடுங்கள். பிள்ளை வகுப்புக்குப் போக மறுத்தால், சோம்பல் என்று திட்டுவதற்கு முன் காரணத்தைக் கேளுங்கள். பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் 2012 முதல் இருக்கிறது. 1098 என்ற குழந்தைகள் உதவி எண் எந்த ஊரிலிருந்தும் கிடைக்கும்.

பதினெட்டுக்குப் பிறகு வரும் ஆண்டுகள்தான் மிகக் கடினம். சிறுவனாக இருக்கும்போது கைதட்டியவர்கள் இப்போது வளர்ந்த கலைஞர்களோடு ஒப்பிட்டுக் கேட்பார்கள். மாவட்டக் கலைமன்றம் 18 வயது வரையுள்ளோருக்குக் கலை இளமணி விருது தருகிறது. 19 முதல் 35 வரை கலை வளர்மணி. விருது ஊக்கம் தரும், பிழைப்பு தராது. அகில இந்திய வானொலி 16 முதல் 24 வயது வரையுள்ளோருக்கு இசைப்போட்டி நடத்துகிறது. வானொலித் தேர்வில் தேறினால் தரவரிசை கிடைக்கும். சென்னை, திருவையாறு, மதுரை, கோவையில் அரசு இசைக்கல்லூரிகள் உண்டு. 2013-இல் இசைக்கும் கவின்கலைகளுக்கும் என்றே ஒரு பல்கலைக்கழகமும் வந்தது. குழந்தை மேதையாக வீணையில் புகழ்பெற்ற ஈ. காயத்ரி அதன் துணைவேந்தராக இருந்தார். சிறு வயதில் மேடையேறியவர் கற்பிக்கும் பொறுப்பிலும் நிலைபெறலாம் என்பதற்கு அவர் சான்று. இசை படித்த பிள்ளைக்கு ஆசிரியர் பணி, பக்கவாத்தியம், ஒலிப்பதிவு, கோயில் பணி என்று பல வாசல்கள் இருக்கின்றன. தனிக்கச்சேரி ஒன்றையே வெற்றியாக நினைக்கும் பெற்றோர் அந்த வாசல்களை மூடிவிடுகிறார்கள். கூடவே ஒரு பட்டப்படிப்போ தொழிற்படிப்போ இருப்பது கலைக்குத் துரோகம் ஆகாது. ஓசூர்க் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டே வார இறுதியில் கச்சேரிக்குப் போவதும் ஒரு கலைஞரின் வாழ்க்கைதான்.

கலை பண்பாட்டுத் துறைக்கு ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். கிருஷ்ணகிரி இசைப்பள்ளியின் ஆசிரியர்களைக் கொண்டு, தேன்கனிக்கோட்டையிலோ கெலமங்கலத்திலோ ஓர் அரசுப் பள்ளிக் கட்டிடத்தில் சனி, ஞாயிறு வகுப்புகளைத் தொடங்குங்கள். புதிய கட்டிடம் வேண்டாம். வயலின் இரண்டு, மிருதங்கம் இரண்டு, நாதசுரமும் தவிலும் ஒவ்வொன்று இருந்தால் தொடங்கிவிடலாம். எல்லைப்புறம் என்பதால் தெலுங்கு, கன்னடம் பேசும் பிள்ளைகளையும் அதே வகுப்பில் சேர்த்துக்கொள்ளுங்கள். இங்கே ஆலை வைத்திருக்கும் நிறுவனங்கள், சட்டப்படி ஒதுக்க வேண்டிய சமூகப் பொறுப்பு நிதியில் ஒரு சிறு பங்கை இதற்குத் தரலாம். பேட்டராய சுவாமி தேர்த்திருவிழாவையும் ஊர் அம்மன் திருவிழாக்களையும் நடத்துகிறவர்கள், ஒரு மாலையை இந்த வட்டத்துப் பிள்ளைகளுக்கென்று ஒதுக்கி, வெறும் சால்வையோடு அனுப்பாமல் உரிய சம்பாவனையும் கொடுத்துப் பாட வையுங்கள். பெற்றோருக்கு: அடுத்த வாரம் பிள்ளையை வகுப்பில் விட்டுவிட்டு வெளியே போனை எடுத்துப் பார்க்காமல், உள்ளே போய் ஓரமாக உட்காருங்கள்.